சிக்னல் இல்லாத புரதம் செல்லை விட்டு எப்படி வெளியே வருகிறது?

கேள்வியைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். "என் புரதத்தில் சிக்னல் பெப்டைடு இல்லை. கணிப்பு மென்பொருள் எல்லாமே இது சைட்டோசாலில், அதாவது செல்லின் உள்திரவத்தில்தான் இருக்கும் என்கின்றன. ஆனால் செல்கள் வளர்ந்த திரவத்தை எடுத்துப் பார்த்தால் அதில் தெளிவாகத் தெரிகிறது. வழக்கத்துக்கு மாறான சுரப்பு என்கிறார்களே, அது உண்மையிலேயே இருக்கிறதா? இல்லை, செத்த செல்லிலிருந்து ஒழுகியதற்கு வைத்த கௌரவமான பெயரா?"

இருக்கிறது. ஆனாலும் உங்கள் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். இந்தத் துறையில் இதுவரை நடந்த நல்ல சோதனைகளில் பாதி, இதே சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வடிவமைக்கப்பட்டவைதான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "வழக்கத்துக்கு மாறான சுரப்பு" என்பது ஒரு பாதையின் பெயர் கிடையாது. வழக்கமான பாதையில் போகாதவற்றையெல்லாம் போட்டுவைத்த ஒரு பை அது. உள்ளே இருப்பவற்றுக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் இருக்கலாம். அதனால் "அந்தப் பாதை எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தப் புரதம் எந்த இடத்தில் சவ்வைத் தாண்டுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், எல்லாம் ஒழுங்காக வந்து உட்காரும்.

ஏன் சவ்வைப் பிடித்துத் தொங்குகிறேன் என்பது புரிய, முதலில் வழக்கமான பாதையை, அந்த ராஜபாட்டையை, ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். சுரக்கப்பட வேண்டிய புரதத்தின் முன்முனையில் சுமார் 15 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்ட சிக்னல் பெப்டைடு இருக்கும். ரைபோசோமிலிருந்து அது தலைகாட்டியதுமே ரைபோசோமோடு சேர்த்து எண்டோபிளாச வலைக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. நாங்கள் ஆய்வகத்தில் ஈ.ஆர். என்போம், இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். புரதச் சரம் நீள நீள, இன்னும் மடியாத நூலாக, ஈ.ஆர். சவ்வில் உள்ள வாய்க்கால் வழியே உள்ளே போகிறது. அங்கே மடிந்து, சர்க்கரைக் கிளைகள் ஒட்டப்பட்டு, குமிழ்களில் ஏறி கோல்கை என்ற சவ்வடுக்குக்குப் போய், அங்கிருந்து செல்லின் வெளிச்சவ்வுக்கு வருகிறது. குமிழ் சவ்வோடு இணைந்ததும் உள்ளிருப்பது வெளியே கொட்டுகிறது. ஜார்ஜ் பலாடே 1960களில் கினிப் பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க லியூசினைச் சில நிமிடங்கள் மட்டும் கொடுத்து, பிறகு நிறுத்தி, அந்தக் குறி எங்கெங்கே நகர்கிறது என்று பின்தொடர்ந்து இந்த வரிசையைக் கண்டார். அதற்கு 1974இல் நோபல் பரிசு. சிக்னல் கருதுகோளுக்காக குந்தர் பிளோபெலுக்கு 1999இல். ஈஸ்டில் ஒவ்வொரு படியாக உடைத்துப் பார்த்து மரபணுக்களைப் பிடித்த ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் ஸுடாஃப் ஆகியோருடன் 2013இல் அதைப் பகிர்ந்துகொண்டார். மூன்று நோபல் வாங்கிய பாதை. அதற்கு வெளியே இன்னொன்று உண்டு என்றால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள்தானே?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஈ.ஆரின் உட்புறமும் செல்லின் வெளிப்புறமும் கணக்குப்படி ஒரே பக்கம். ஈ.ஆருக்குள் நுழைந்த கணத்திலேயே புரதம் சவ்வைத் தாண்டிவிட்டது, அப்புறம் அது எந்தச் சவ்வையும் தாண்டுவதே இல்லை, குமிழிலிருந்து குமிழுக்கு மாறுகிறது அவ்வளவுதான். ஆக, மொத்தப் பயணத்திலும் சவ்வைத் தாண்டுவது ஒரே ஒரு முறை, அதுவும் மடியாத நூலாக இருக்கும்போது. சிக்னல் இல்லாத புரதத்துக்கு இந்த வசதி கிடையாது. அது சைட்டோசாலில் பிறந்து, அங்கேயே மடிந்து, உருண்டையாகிவிட்டது. இனி அது எங்கே தாண்டும், எந்த உருவில் தாண்டும்?

சரி, ஒழுகல் விவகாரத்துக்கு வருவோம். இந்தக் கதை பெரும்பாலும் இன்டர்லூகின்-1 பீட்டாவில் தொடங்கும். காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும் செய்திப் புரதம் இது. ரத்தத்தில் சுற்றுகிறது, மற்ற செல்களின் வெளிப்பரப்பிலுள்ள ஏற்பியில் போய் ஒட்டுகிறது. வெளியே வராவிட்டால் இதற்கு வேலையே இல்லை. ஆனால் 1984இல் இதன் மரபணு வரிசை தெரிந்தபோது, முன்முனையில் சிக்னல் பெப்டைடு இல்லை. செல் சாகும்போது கொட்டுகிறது என்று சொல்லிவிடுவது அப்போது மிகச் சுலபமாக இருந்திருக்கும்.

1990இல் அன்னா ருபார்டெல்லி, ராபர்ட்டோ சித்தியா குழுவினர் வெளியிட்ட வேலை அந்தச் சுலபத்தைக் கெடுத்தது. தூண்டப்பட்ட மனித மோனோசைட் செல்களுக்கு (ஒரு வகை வெள்ளையணு), ஈ.ஆர்–கோல்கை வழியை அடைக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். அதே செல்களிலிருந்து வரவேண்டிய இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா இரண்டும் நின்றுபோயின. இன்டர்லூகின்-1 பீட்டா நிற்கவில்லை, பிரிஃபெல்டின் ஏ என்ற மருந்தில் இன்னும் கூடியது. வெப்பநிலையை 42 டிகிரிக்கு ஏற்றினால் கூடியது, குளிரவைத்தால் நின்றது. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்தது வேறொரு கவனிப்பு. யூ937 என்ற செல் வரிசை இன்டர்லூகின்-1 பீட்டாவை ஏராளமாகச் செய்கிறது, ஆனால் கொஞ்சம்கூட வெளியே விடுவதில்லை. ஒழுகல்தான் காரணம் என்றால், உள்ளே அதிகம் இருக்கும் செல்லிலிருந்து அதிகம் ஒழுக வேண்டாமா?

பிரிஃபெல்டின் ஏ பற்றி ஓர் எச்சரிக்கை. பூஞ்சையிலிருந்து கிடைக்கும் இந்தச் சேர்மம் ஈ.ஆருக்கும் கோல்கைக்கும் இடையிலான போக்குவரத்தை முடக்கும். இதைப் போட்டும் புரதம் வெளியே வந்தால் வழக்கமான பாதை இல்லை என்று எழுதிவிடுவது பழக்கம். ஆனால் நீண்ட நேரம் விட்டால் இதுவே செல்லைக் கொல்லும். நான் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தபோது இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் திரவத்தை எடுத்து, புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை போட்டேன். என் புரதத்தின் பட்டை தடியாக, அழகாக வந்திருந்தது. ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. மூத்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அதே படலத்தில் ஆக்டினுக்கு ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றார். போட்டேன். ஆக்டினும் அதே தடிமனில் வந்தது. ஆக்டின் செல்லின் எலும்புக்கூடு மாதிரி, அது வெளியே வர எந்த நியாயமும் இல்லை. நான் பார்த்தது சுரப்பு அல்ல, பிணங்கள். அன்றிலிருந்து, எல்.டி.எச். அளவு போடாத எந்தச் சுரப்புப் படத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. எல்.டி.எச். என்பது சைட்டோசாலில் தாராளமாக இருக்கும் நொதி. சவ்வு கிழிந்தால் முதலில் வெளியே தெரியும்.

இப்போது எனக்குப் பிடித்த உதாரணம், எஃப்.ஜி.எஃப்.2. புது ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி, அதன் 18 கிலோடால்டன் வடிவம்தான் வெளியே வருவது. இது எங்கே சவ்வைத் தாண்டுகிறது என்றால், நேராக வெளிச்சவ்விலேயே. குமிழ் இல்லை, இடைத்தங்கல் இல்லை. ஹைடெல்பெர்க்கில் வால்ட்டர் நிக்கலின் குழு பல ஆண்டுகள் பிடிவாதமாக ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பார்த்ததால், இந்தப் பையிலுள்ள பாதைகளிலேயே மிகத் தெளிவாகத் தெரிந்தது இதுதான்.

நடப்பது இப்படி. வெளிச்சவ்வின் உள்பக்க அடுக்கில் பிஐபி2 என்ற கொழுப்பு இருக்கிறது, தலையில் எதிர்மின்னூட்டம் மிகுந்தது. எஃப்.ஜி.எஃப்.2 அதில் போய் ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு முன் சோடியம்–பொட்டாசியம் பம்பின் ஆல்ஃபா துணையலகு அதைச் சவ்வருகே கொண்டுவர உதவுகிறது. டெக் என்ற கைனேஸ் அதன் 81ஆவது இடத்திலுள்ள டைரோசினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. பிஐபி2இல் ஒட்டிய மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துக் கூட்டமாகின்றன. அந்தக் கைகோப்பில் 95ஆவது இடத்திலுள்ள சிஸ்டைனுக்கு முக்கியப் பங்கு, இரண்டு மூலக்கூறுகளின் சிஸ்டைன்கள் டைசல்ஃபைடு பிணைப்பால் கட்டிக்கொள்கின்றன. கூட்டம் போதுமான அளவு சேர்ந்ததும் சவ்வே அங்கே வளைந்து கொடுத்து ஒரு துளை உண்டாகிறது. புரதம் துளை வழியாகப் போகிறது என்பதைவிட, புரதமே துளையாகிறது என்பது பொருத்தம்.

துளையாகி அங்கேயே நின்றுவிட்டால் ஆபத்து, செல் காலியாகிவிடும். அதனால் வெளியே ஒருவர் காத்திருக்கிறார். செல்லின் வெளிப்பரப்பில் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. எஃப்.ஜி.எஃப்.2இல் பிஐபி2 ஒட்டும் இடமும் ஹெபரான் சல்ஃபேட் ஒட்டும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, ஒரே நேரத்தில் இரண்டையும் பிடிக்க முடியாது. ஹெபரான் சல்ஃபேட்டின் பிடி பல மடங்கு வலுவானது. ஆக, கூட்டத்தின் வெளிமுனை எட்டிப் பார்த்ததும் சர்க்கரைச் சங்கிலி அதைக் கொத்தி இழுத்துக்கொள்கிறது. வெளியேறுவதற்கான உந்துதல் உள்ளிருந்து தள்ளுவதில் மட்டும் இல்லை, வெளியே பிடித்து வைத்துக்கொள்வதில் இருக்கிறது. ஹெபரான் சல்ஃபேட் செய்யத் தெரியாத செல்களில் எஃப்.ஜி.எஃப்.2 வெளியே வருவதில்லை. ஒற்றை மூலக்கூறுகளை நுண்ணோக்கியில் பார்த்து அளந்ததில், சவ்வில் வந்து ஒட்டியதிலிருந்து தாண்டி முடிக்கும்வரை சராசரியாக 200 மில்லிவிநாடி. கண் சிமிட்டும் நேரம்தான்.

இதெல்லாம் செல்லுக்குள் நடக்கும் வேறு எதனாலோ இருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. செல்லே இல்லாமல், பிஐபி2 கலந்த கொழுப்பால் பெரிய வெற்றுக் குமிழ்கள் செய்து, உள்ளே ஹெபரான் சல்ஃபேட்டின் நெருங்கிய உறவான ஹெபரினின் நீண்ட சங்கிலிகளை அடைத்து, வெளியே தூய எஃப்.ஜி.எஃப்.2ஐ விட்டார்கள். இங்கே உள்ளும் வெளியும் தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள், குமிழின் உட்புறம்தான் செல்லின் வெளிப்புறத்துக்குச் சமம். புரதம் சவ்வைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்ந்தது. ஹெபரின் வைக்காத குமிழ்களில் சவ்விலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றே மூன்று பொருள்களோடு ஒரு சுரப்புப் பாதையைக் குழாயில் நடத்திக் காட்டிய பிறகு, ஒழுகல் என்று சொல்ல இடமே இல்லை.

இன்னொரு விஷயம், இது தாண்டும்போது மடிந்த நிலையிலேயே தாண்டுகிறது. எஃப்.ஜி.எஃப்.2வுடன் டி.எச்.எஃப்.ஆர். என்ற நொதியை ஒட்டவைத்து, அந்த நொதியின் மடிப்பு அவிழாதபடி அமினோப்டெரின் என்ற மருந்தால் இறுக்கிப் பூட்டினாலும், சேர்ந்தே வெளியே வந்துவிடுகிறது. ராஜபாட்டையில் மடிந்த புரதம் ஈ.ஆர். வாயிலிலேயே சிக்கிக்கொள்ளும். இங்கே மடியாத அல்லது கெட்டுப்போன புரதம்தான் தகுதி இழக்கிறது, ஏனென்றால் பிஐபி2ஐப் பிடிக்க மடிப்பு வேண்டும். தரக்கட்டுப்பாடு தனியாக வேண்டியதில்லை, கதவே பார்த்துக்கொள்கிறது.

எய்ட்ஸ் வைரஸின் டாட் புரதமும் பிஐபி2ஐப் பிடித்துத்தான் தொற்றுள்ள செல்லை விட்டு வெளியேறுகிறது. திருடனுக்கும் அதே சந்து தெரிந்திருக்கிறது.

இன்டர்லூகின்-1 பீட்டாவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே கதை இவ்வளவு சுத்தமாக முடியவில்லை. இந்தப் புரதம் முதலில் 31 கிலோடால்டன் முன்வடிவமாகச் செய்யப்பட்டு சைட்டோசாலில் சும்மா கிடக்கும். கிருமியோ சேதமோ உணரப்பட்டால் இன்ஃபிளமசோம் என்ற புரதக் கூட்டம் எழும்பி, காஸ்பேஸ்-1 என்ற கத்தரியை முடுக்கிவிடும். அது முன்வடிவத்தை வெட்டி 17 கிலோடால்டன் செயல் வடிவமாக்குகிறது. அதே கத்தரி இன்னொன்றையும் வெட்டுகிறது என்பது 2015இல் தெரிந்தது: காஸ்டெர்மின் டி. வெட்டப்பட்டதும் அதன் முன்பாதி வெளிச்சவ்வின் உள்பக்கத்தில் ஒட்டி, முப்பதுக்கு மேற்பட்ட பிரதிகள் வட்டமாகக் கூடி, சுமார் 20 நானோமீட்டர் அகலத் துளை போடுகின்றன. இன்டர்லூகின்-1 பீட்டாவின் செயல் வடிவம் ஏறத்தாழ 4.5 நானோமீட்டர். தாராளமாகப் போகலாம்.

அப்படியானால் இது வெறும் ஓட்டைதானே, ஒழுகல் என்று சொன்ன பழைய ஆட்கள் ஜெயித்துவிட்டார்களா? நானும் அப்படி நினைத்துச் சிரித்ததுண்டு. ஆனால் 2021இல் வந்த இரண்டு வேலைகள் அந்தச் சிரிப்பை அடக்கின. ஒன்று, காஸ்டெர்மின் துளையின் அமைப்பை மிகத் துல்லியமாகப் பார்த்தபோது அதன் உள்சுவர் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்று தெரிந்தது. வெட்டப்படாத முன்வடிவத்தின் முன்பகுதி அமிலத்தன்மை கொண்டது, அதை அந்தச் சுவர் தள்ளுகிறது. அந்த முன்பகுதி வெட்டப்பட்ட செயல் வடிவம் எளிதாகக் கடக்கிறது. ஓட்டைதான், ஆனால் ஆளைப் பார்த்து விடுகிற ஓட்டை. இரண்டாவது, செல் கடைசியாக வெடித்துக் கிழிவது காஸ்டெர்மினால் தானாக நடப்பதல்ல, நிஞ்சூரின்-1 என்ற வேறொரு புரதம் செய்யும் வேலை அது. நிஞ்சூரின்-1 இல்லாத மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) எல்.டி.எச். பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது, இன்டர்லூகின்-1 பீட்டா மட்டும் வழக்கம்போல வெளியே வருகிறது. அதோடு, காஸ்டெர்மின் துளை விழுந்த செல் செத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சவ்வை வெட்டித் தைக்கும் எஸ்கார்ட்-3 என்ற இயந்திரம் துளை விழுந்த பகுதியைக் கிள்ளி எறிந்து செல்லைக் காப்பாற்றுவதும் உண்டு.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு விடையும் இருக்கிறது, அதில் தாண்டும் இடமே வேறு. ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பழையதையும் பழுதானதையும் இரட்டைச் சவ்வுப் பையில் கட்டி அழிக்க அனுப்பும் ஏற்பாடு, யோஷினோரி ஓசுமிக்கு 2016 நோபல் வாங்கித் தந்தது. அந்தப் பை அழிவிடத்துக்குப் போகாமல் வெளிச்சவ்வோடு இணைந்தால் உள்ளிருப்பது வெளியே வரும் என்பது எண்ணம். ஷெக்மன் ஆய்வகத்திலிருந்து 2015இல் வந்த வேலை இதில் ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தது. இன்டர்லூகின்-1 பீட்டா பைக்குள் போவதில்லை, பையின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குப் போகிறது. யோசித்துப் பாருங்கள், வெளிச்சவ்வோடு பையின் வெளி அடுக்கு இணைந்தால், நடு இடைவெளியில் உள்ளது சுதந்திரமாகக் கொட்டும், பைக்குள் உள்ளது இன்னும் ஒரு சவ்வுக்குள் சுருண்டே கிடக்கும். அந்த நடு இடைவெளிக்குப் போக ஒரு சவ்வைத் தாண்ட வேண்டும். 2020இல் மின் சாங், லியாங் கே குழு அதற்கு டி.எம்.இ.டி.10 என்ற சவ்வுப் புரதத்தைக் காட்டியது: ஈ.ஆருக்கும் கோல்கைக்கும் இடைப்பட்ட பகுதியில் அது கூடி வாய்க்காலாகிறது, புரதம் அவிழ்ந்து அதன் வழியே நுழைகிறது. எஃப்.ஜி.எஃப்.2 மடிந்து தாண்டுகிறது, இது அவிழ்ந்து தாண்டுகிறது. ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் வைப்பது எவ்வளவு தற்செயலானது என்று தெரிகிறதா?

காஸ்டெர்மினா, டி.எம்.இ.டி.10ஆ, எது சரி? என் கணிப்பில் இரண்டும் சரி. இன்ஃபிளமசோம் பலமாகக் கிளர்ந்து எழுந்த மேக்ரோஃபேஜில் காஸ்டெர்மின் பெரும்பங்கு. துளை விழாத, மெதுவாகச் சுரக்கும் செல்களில் டி.எம்.இ.டி.10 வழி. இதில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துதான் ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள், தாங்கள் எந்த செல்லை எப்படித் தூண்டினார்கள் என்பதைப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டுகிறேன். ஈஸ்டின் ஏ-ஃபேக்டர் என்ற இணைசேர்க்கைப் பெப்டைடு 12 அமினோ அமிலம்தான், வாலில் ஃபார்னெசில் என்ற கொழுப்புச் சங்கிலி. ஏ.டி.பி. எரித்து இயங்கும் எஸ்.டி.இ.6 என்ற கடத்தி அதை நேரே வெளியே தள்ளுகிறது. 1989இல் அதன் வரிசையைப் பார்த்தபோது, புற்றுச் செல்கள் மருந்தை வெளியே துப்பப் பயன்படுத்தும் பம்பின் உறவினர் என்று தெரிந்தது. எங்கே தாண்டுகிறது என்பதில் சந்தேகமே இல்லாத அபூர்வ வகை இது.

பட்டினி விவகாரம் கொஞ்சம் சுவையானது. டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபா பசி வந்தால் ஆயிரக்கணக்கில் கூடி ஸ்போர்களை உண்டாக்கும். அப்போது ஏ.சி.பி.ஏ. என்ற சிறு புரதம், சிக்னல் ஏதும் இல்லாதது, வெளியே விடப்படுகிறது. வெளியே அது வெட்டப்பட்டு, ஸ்போராக மாறுவதைத் துரிதப்படுத்தும் பெப்டைடு ஆகிறது. விவேக் மல்ஹோத்ரா குழு 2007இல், இந்த வெளியேற்றத்துக்கு கிராஸ்ப் என்ற புரதம் தேவை என்று காட்டியது. கிராஸ்ப் என்ற பெயரே கோல்கை அடுக்குகளைச் சேர்த்து வைப்பது என்ற பொருளில் வைக்கப்பட்டது. கோல்கைக்காகப் பெயர் வாங்கிய புரதம், கோல்கையைச் சுற்றிப் போகும் பாதைக்கு வழிகாட்டுகிறது. அப்புறம் 2010இல், மல்ஹோத்ரா குழுவும் சுரேஷ் சுப்பிரமணி ஆய்வகத்தில் ரவி மஞ்சித்தயா உள்ளிட்டோரும் ஈஸ்டில் ஏ.சி.பி.ஏ.வின் உறவினருக்கு அதே கதையைக் கண்டார்கள், ஆட்டோஃபேஜி மரபணுக்களும் தேவைப்பட்டன. ஆனால் நம் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். எங்கே தாண்டுகிறது? எந்தெந்த மரபணு இல்லாவிட்டால் நின்றுபோகிறது என்ற பட்டியல் நீளமாக இருக்கிறது, ஆனால் தாண்டும் இடத்தை எஃப்.ஜி.எஃப்.2வுக்குக் காட்டியதுபோல விரல் வைத்துக் காட்டவில்லை. அதனால்தான் இந்தக் கிளையைப் படிக்கும்போது நான் கொஞ்சம் நிதானிப்பேன்.

எக்சோசோம்களையும் இதே பையில் போடுவார்கள். 1983இல், முதிராத சிவப்பணுக்கள் தங்கள் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைச் சிறு குமிழ்களில் வைத்து வெளியே எறிவதைப் பார்த்ததில் தொடங்கியது அது. ஆனால் எக்சோசோமுக்குள் இருக்கும் சைட்டோசால் புரதம் எந்தச் சவ்வையும் தாண்டவில்லை, சவ்வைப் போர்த்திக்கொண்டு வெளியே போகிறது. அந்தத் திரவத்தைப் புரதம் வெட்டும் நொதியில் ஊறவைத்தால் தெரிந்துவிடும், சவ்வுக்குள் இருப்பது தப்பிக்கும், வெறுமையாக மிதப்பது அழியும்.

கடைசி வகைக்குச் சிக்னல் உண்டு, ஈ.ஆருக்குள் போகும், கோல்கையை மட்டும் தவிர்க்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் மிகப் பரவலான பிழை, சி.எஃப்.டி.ஆர். புரதத்தின் 508ஆவது ஃபீனைல்அலனின் காணாமல் போவது. பழுதுபட்ட புரதம் ஈ.ஆரிலேயே பிடிபட்டு அழிக்கப்படுகிறது. தென்கொரியாவில் மின் கூ லீ குழு 2011இல், ஈ.ஆர்–கோல்கை வழியை அடைத்தால், இந்தப் பழுதுபட்ட புரதம் கிராஸ்ப் உதவியோடு சுற்றுவழியில் வெளிச்சவ்வைச் சென்றடைகிறது என்று காட்டியது. கிராஸ்ப்பைக் கூடுதலாகச் செய்யும் சுண்டெலிகளில் நோயின் தாக்கம் குறைந்தது. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகள் இந்த வழியில் வந்தவை அல்ல, அவற்றில் பல மடிப்பையே சரிசெய்பவை.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு சிக்னல் பெப்டைடை ஒட்டிக்கொண்டு ராஜபாட்டையிலேயே போகலாமே என்று தோன்றும். ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். எஃப்.ஜி.எஃப்.2வுக்குச் செயற்கையாகச் சிக்னல் வைத்து ஈ.ஆர் வழியே அனுப்பினால் வெளியே வந்துவிடும், ஆனால் போகும் வழியில் அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறிவிடும். பிறகு அதனால் ஹெபரான் சல்ஃபேட்டைப் பிடிக்க முடிவதில்லை. வந்து சேர்ந்தும் பயனில்லை. சர்க்கரையைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட கேலக்டின்கள் கோல்கை வழியே போனால், அங்கே நிரம்பிக் கிடக்கும் சர்க்கரைகளிலேயே சிக்கிக்கொள்ளும் என்பது பலர் சொல்லும் வாதம், எனக்கும் அது ஏற்புடையதே.

இந்தச் சர்க்கரைப் பிரச்சினையையே ஒருவர் கருவியாக மாற்றிய கதை ஒன்று உண்டு. மக்காச்சோளத்தைத் தாக்கும் உஸ்டிலாகோ என்ற கரிப்பூட்டைப் பூஞ்சை, சி.டி.எஸ்.1 என்ற கைட்டினேஸ் நொதியைச் சிக்னல் இல்லாமல் வெளியே விடுகிறது. தாய்ச் செல்லும் மகள் செல்லும் பிரியும்போது நடுவே இரண்டு தடுப்புச் சுவர்களுக்கு இடையில் உண்டாகும் சிறு அறைதான் அதன் வாசல். இதை உறுதிசெய்ய மைக்கேல் ஃபெல்ட்புரூக் குழு, குஸ் என்ற பாக்டீரியா நொதியை அதோடு ஒட்டியது. குஸ் ஈ.ஆர் வழியே போனால் அதில் சர்க்கரை ஏறி செயலிழந்துவிடும். அதாவது, வெளியே வந்த குஸ் வேலை செய்தால் அது ஈ.ஆரை மிதிக்கவே இல்லை என்று பொருள். வேலை செய்தது. பிரிஃபெல்டின் மாதிரி செல்லைச் சித்திரவதை செய்யாமல், புரதத்தையே சாட்சி சொல்லவைக்கும் சோதனை இது. முடிந்தால் இதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும்.

உங்கள் புரதத்துக்கு வருகிறேன். திரவத்தில் பட்டை தெரிகிறது என்றீர்கள். அதே மாதிரியில் எல்.டி.எச். அளவையும், சைட்டோசாலில் மிகுதியாக இருக்கும் வேறு இரண்டு புரதங்களையும் போடுங்கள். மொத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள், பட்டையின் தடிமனை அல்ல. சீரம் இல்லாத திரவத்தில் செல்லை எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று பாருங்கள், பட்டினியே சில பாதைகளைத் திறந்துவிடும், சில செல்களைக் கொன்றும்விடும். நொதியில் ஊறவைத்து, அது சவ்வுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் ஒத்துவந்தால், வெளியே வராத ஒரு மாற்றுரு செய்து பாருங்கள். எஃப்.ஜி.எஃப்.2வில் 95ஆவது சிஸ்டைனை மட்டும் மாற்றினால் செல்லுக்குள் புரதத்தின் அளவு குறைவதில்லை, வெளியே வருவது மட்டும் வெகுவாகக் குறைகிறது. கிழிந்த சவ்வு வழியே ஒழுகும் புரதத்துக்கு ஒரு சிஸ்டைன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? உங்கள் புரதத்தில் அப்படி ஓர் அமினோ அமிலம் கிடைக்கும்வரை, கட்டுரைத் தலைப்பில் "சுரப்பு" என்ற சொல்லைப் போடாமல், "வெளித்திரவத்தில் காணப்படுகிறது" என்றே எழுதுங்கள்.